மூடியில் எழுதியவர்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இனி நான் குடிக்கும் காப்பியில் சர்க்கரையே இல்லாமல் போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரைப் 'பொறுமை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் செல்களுக்குத் தீனி போட்டு வளர்ப்பவர். அந்த முறை தோல் செல்கள் ஒரே ஒரு குப்பியில் வந்திருந்தன. அவற்றை இரண்டு தட்டுகளில் வளர்த்தார். ஒன்று சாதாத் தட்டு. மற்றதில், புரதத்தின் மேல் சர்க்கரை ஒட்டாமல் தடுக்கும் மருந்து.

"எதுக்குங்க இந்த வம்பு?" என்று வீட்டில் மனைவி கேட்டபோது பொறுமையாகவே விளக்கினார்.

"கொலாஜன்னா தோலைக் கெட்டியாப் பிடிச்சு வைக்கிற புரதம். அது ஒரு சட்டைன்னு வெச்சுக்கோ. சர்க்கரைதான் பொத்தான். பொத்தான் இல்லாத சட்டை ஒழுங்கா மடியாது. மடியாததைச் செல் லேசுல வெளியே விடாது."

"உங்க சட்டையிலயும்தான் ரெண்டு பொத்தான் இல்ல. நான் வெளியே விடலையா?"

வெள்ளிக்கிழமை மேலிடக் குழு வருகிறது. சாதாத் தட்டில் கொலாஜன் நிறைந்து, மருந்துத் தட்டில் குறைந்திருந்தால் கூடம் பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டு, பொறுமையைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு அனுப்புவார்கள். அந்த அறையின் கதவைத் தாண்டினாலே அவருக்கு நாற்பது தும்மல் வரும்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தட்டின் பெயரை மூடியின் மேல்தான் எழுதுவார். அடியில் எழுதினால் நுண்ணோக்கியில் பார்க்க இடைஞ்சலாம். "அடியில, ஓரமா எழுதுங்கண்ணா. மூடிக்குக் கால் முளைச்சிடும்," என்று கூடத்தின் தலைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

புதன்கிழமை தீனி மாற்றும்போது இரண்டு மூடிகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். யாரோ கோப்பு அறைக் கதவைத் திறந்தார்கள் போல. நாற்பது தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடிகளை எடுத்து மூடினார்.

வியாழக்கிழமை காலை ஒரு தட்டின் மூடி அரை அங்குலம் எழும்பியிருந்தது. மதியத்துக்குள் வெள்ளையாக ஒரு கொலாஜன் விரிப்பு வழிந்து இறங்கி, வளர்ப்புப் பெட்டியின் கதவைத் தள்ளித் திறந்தது. வெட்டப்போன கத்தரிக்கோல் வளைந்தது. மாலையில் தலைவியின் கார் சேற்றில் சிக்கியபோது, அந்த விரிப்பில் பன்னிரண்டு முழம் இழுத்துக் கட்டித்தான் காரை வெளியே எடுத்தார்கள். அறுந்தது காரின் கொக்கிதான்.

வேடிக்கை அதுவல்ல. அந்தத் தட்டின் மூடியில் 'மருந்து' என்று எழுதியிருந்தது. 'சாதா' என்று எழுதியிருந்த தட்டு வெறும் தண்ணீர் போலக் கிடந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மறுநாள் குழுத் தலைவர் இரண்டு மூடிகளையும் மூக்குக் கண்ணாடி வழியாகப் படித்தார்.

"அப்ப சர்க்கரை இல்லாமலே கொலாஜன் கொட்டுதுன்னு ஆகுது. நீங்க எழுதிக் கொடுத்ததுக்கு நேர் தலைகீழா இருக்கேம்மா."

தலைவிக்கு அது எட்டு வருட உழைப்பு. பொறுமை தரையைப் பார்த்தார். சொல்லாவிட்டால் கூடம் போகும். சொன்னால் தன் வேலை போகும். கோப்பு அறை நினைப்பிலேயே மூக்கு அரித்தது.

"ஐயா, தட்டு தப்பில்ல. மூடியைத்தான் நான் மாத்தி மூடிட்டேன்."

"இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. நான் எப்படி நம்புறது, பெரியவரே?"

"இப்ப புதுசா வளர்ந்துட்டு வருது பாருங்க, அந்த ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுங்க. விட்டுடாதீங்க."

குழுத் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு இழுத்தார். மலையை இழுத்தது போலிருந்தது. பொறுமை அந்த மருந்தில் மூன்று சொட்டு எடுத்துத் தட்டில் விட்டார். மருந்து ஏற்கெனவே உள்ள தட்டாக இருந்தால் எதுவும் மாறக்கூடாது. ஒரு காப்பி ஆறும் நேரம்தான். பழைய விரிப்பு இரும்பாகவே இருந்தது. புதிதாக வந்த ஓரம் மட்டும் பொத்தான் அறுந்த சட்டையாய்த் தொளதொளத்து, பிய்ந்து வந்தது. குழுத் தலைவர் அதைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "அஞ்சு வருஷம் நடத்துங்கம்மா. ஆனா இந்த மனுஷர்..."

"அண்ணன் இல்லாம இந்தக் கூடம் இல்லைங்க," என்றார் தலைவி.

"இருக்கட்டும். அடியில எழுதச் சொல்லுங்க. முதல்ல என்னைத் தூக்கி விடுங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்த பொறுமை, சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் பெயர் எழுதினார். மிளகாய்த்தூள் எழுதும்போது மட்டும் கொஞ்சம் தும்மினார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். "கொட்டினதை யாருங்க அள்ளுறது?" என்று மட்டும் கேட்டார்.

நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்: அந்தச் செல்கள் வந்த ஒரே குப்பி, வைத்த சீல் உடையாமல் உறைபெட்டியில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.