மேலே நிற்பவனின் சொல்

கிணற்றுக்குள் ஆளை இறக்கித் தூக்கும் விஞ்ச்சுக்கு கிரீஸ் தடவும் துணியை அவர் தேடிக்கொண்டிருந்தார். மகள் தரையில் புத்தகத்தை விரித்து ஒரே ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அனான். அனான்.

“என்னம்மா, கொசு மாதிரி முனகுற?”

“பழைய இங்கிலீஷ்ப்பா. இப்ப யாரும் பேசறதில்ல, பரீட்சையில மட்டும் கேப்பாங்க. ஆதியில ‘ஒன்றில்’னு அர்த்தமாம். ஒரே மூச்சுல, உடனேன்னு. அப்புறம் ‘கொஞ்ச நேரத்துல’ன்னு ஆயிடுச்சு.”

“யாரு மாத்துனா?”

“யாரும் மாத்தல. எல்லாரும் உடனேன்னு சொல்லிட்டு லேட்டாப் போயிருக்காங்க. சொல்லு கெட்டுப்போச்சு.”

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: “உங்கப்பன் ‘இதோ’ சொல்ற மாதிரி.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மச்சினன் கிணற்றுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். “மாமா, ஊத்து பொங்குது, தூக்கு” என்று கத்தினான். இவர் “இதோ” என்றார். ஏமாற்ற நினைக்கவில்லை. கையில் சிகரெட் பாதி இருந்தது. மேஸ்திரி ஏதோ கேட்டார், பதில் சொன்னார். மேலே வந்தபோது மச்சினன் மார்புவரை நனைந்திருந்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போய்விட்டான். இன்று அவன் இறங்காவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

சொன்னபோது அது நிஜம்தான். பிறகு எந்த இடத்தில் பொய்யானது? சிகரெட்டிலா, மேஸ்திரியிடமா? அவருக்குப் பிடிபடவில்லை.

“ரெண்டுல எதும்மா எழுதப்போற?”

“அதான்ப்பா குழப்பமா இருக்கு.”

கிணற்றடியில் மச்சினன் ஏற்கெனவே கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அக்கா அழுதா. அதுக்காக வந்தேன். நான் கூப்பிட்டா இதோன்னு மட்டும் சொல்லாத மாமா. அத இனி நம்ப முடியல.”

“வேற என்னடா சொல்றது?”

“எனக்கென்ன தெரியும்? மேல நிக்கிறது நீதான.”

இறங்கிவிட்டான். கயிறு ஓடி நின்றது. அவர் சிகரெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார். வந்துட்டேன். ஆச்சு. இந்தா. ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தார். எல்லாமே தான் எப்போதோ கெடுத்தவை போலிருந்தன.

“மாமா, தூக்கு!”

வாய் திறந்தது. சொல் வரவில்லை. வாயைத் திறந்தபடியே விஞ்ச்சைச் சுற்றத் தொடங்கினார். தொய்வாகக் கிடந்த கயிறு மெல்ல மெல்ல உருளையில் ஏறியது. அது இறுகுவதற்குள் இருட்டிலிருந்து குரல் மீண்டும் வந்தது, இம்முறை சின்னதாக.

“மாமா… மேல இருக்கியா?”