கண்ணாடி மேல் கோழிக்குஞ்சு

இன்ஸ்பெக்டர் கை கொடுத்தபோது, தன் புருஷனின் சுண்டுவிரல் தானாக உள்பக்கம் மடங்கியதை லுஸ் பார்த்துவிட்டாள்.

மகனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கூடம் நிறைய ஆட்கள். வாசலில் பிணத்துக்குக் காவலிருப்பவர்களின் சீட்டாட்டம், தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம். துக்க வீட்டில் யார் யாருக்குக் கை கொடுக்கிறார்கள் என்று எந்தத் தாய் கவனிப்பாள்? ஆனால் பெட்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து லுஸ் அதைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. மகன் ஜெரிக்கின் சாவுக்கு இதய பலவீனம்தான் காரணம் என்று எழுதிக்கொடுத்த டாக்டர் அப்படித்தான் விரலை மடக்கினார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை கட்டி விறைப்பாக நிற்கும் கல்லூரிப் பையன்கள் அப்படித்தான் மடக்கினார்கள். வக்கீல் பெலிசார்டோவும் அப்படித்தான். மடக்குகிறவன் எல்லாம் கல்லூரியின் அந்த ரகசியச் சங்கத்து ஆள் என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். புதிதாகச் சேருகிறவனைத் துடுப்பு மட்டையால் தொடையில் அடித்துத்தான் எடுப்பார்கள்; அந்தச் சங்கத்தில் சேரப் போன இடத்தில்தான் அவள் பிள்ளை செத்தான்.

கல்லூரி சொன்னது வேறு: அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தான் என்று. பிணவறையில் துணியை விலக்கிப் பார்த்தவள் அவள். இரண்டு தொடையும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. பாறை அப்படிக் கணக்காகத் தொடையை மட்டும் தேடிப் பிடித்து அடிக்குமா என்ன!

இப்போது மடங்கியது அவள் வீட்டு விரல்.

அவள் காப்பித் தட்டை வைத்துவிட்டுப் புருஷன் அர்செனியோவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"எப்ப சேர்ந்தே?"

"எதுல?"

"என்கிட்ட வேஷம் போடாதே, ஆர்சிங். உன் விரல் மடங்குச்சு."

அவன் அடுப்பில் கொதிக்கும் கோழிக் கஞ்சியைப் பார்த்தான். லுஸின் சாப்பாட்டுக் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய பானை அது. கிண்டக் கரண்டியை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காலேஜ்ல படிக்கும்போது," என்றான்.

"அப்ப உன் தொடையில இருக்கிற தழும்பு? மரத்துலருந்து விழுந்தேன்னு சொன்னியே, எந்த மரம்யா அது? துடுப்பு மட்டை செஞ்ச மரமா?"

"லுஸ், வெளியில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். பாதிப் பேரு உன் ஆளுங்கதானே. அவனை நீதான் சேரச் சொன்னியா?"

அர்செனியோ சுவரில் சாய்ந்து நின்றான். நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்தி முத்திரை குத்தியே கூன் விழுந்த உடம்பு. "எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு நினைச்சே? மார்க்கு வாங்கியா? அங்க ஒரு ப்ராட் இருந்தாரு, நம்ம சங்கத்து அண்ணன். கை கொடுத்தேன், விரலைப் பார்த்தாரு, மறுநாளே வரச் சொன்னாரு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வேற எவன் கதவைத் தொறக்குறான், சொல்லு? அவனுக்கும் ஒரு கதவு தொறக்கட்டும்னுதான்…"

"தொறந்துச்சே. பெட்டி மூடி."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். லுஸுக்கு இரக்கம் வரவில்லை. இந்த அழுகையிலும் எது நிஜம், எது வேஷம் என்று தேடத் தோன்றியதே தவிர இரக்கம் வரவில்லை.

"அன்னைக்குத்தான் அடிக்கப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"காலையில போன் வந்துச்சு."

"யாரு பண்ணினா?"

அவன் தலையை ஆட்டி மறுத்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே அந்தக் காலத்தில் அடி வாங்கிச் சத்தியம் செய்திருந்தான்.

"பெத்த பிள்ளைக்கு மேலயா அந்தச் சத்தியம்? யாருய்யா பண்ணினா?"

"பெலிசார்டோ. 'ப்ராட், இன்னைக்கு உன் பையன் முறை. நான் அவன் பக்கத்துலயே நிக்கிறேன், பயப்படாதே'ன்னு சொன்னான்."

லுஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். பெலிசார்டோ ஜெரிக்கின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் வாங்கி, இவனுக்கு இனி நானும் ஒரு அப்பன் என்று சொன்ன ஆள். அன்றைக்கு முழுக்க மணிலாவில் இருந்தேன், சேதி கேட்டு ஓடிவந்தேன் என்று நேற்று அவள் தோளில் கை வைத்து அழுதவர். சட்டம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த இடத்துல நின்னவன் அடிக்காட்டியும் குற்றவாளிதான் லுஸ், பையன் சம்மதிச்சாலும் சட்டத்துல அது செல்லாது, ஆனா யார் யார் நின்னாங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமே, எந்தச் சங்கத்துக்காரன் வாயைத் திறப்பான், வருஷக்கணக்கா கோர்ட்டுப் படி ஏறி உன் கடையும் போயிடும், பேசாம வழக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க என்றார். அப்போது அது அக்கறையாகக் கேட்டது. யார் யார் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியாமலா பேசினார்!

"கோர்ட்டுல இதைச் சொல்லுவியா?" என்று கேட்டாள்.

"என் வேலை போயிடும், லுஸ். டாக்டரு, போலீசு, கவர்ன்மென்ட் வக்கீலு… எங்க போனாலும் அவங்கதான். யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

அவள் பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"பாசிங் அக்கா, ஒரு குஞ்சு குடு."

வேலியோரம் கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த பாசிங் நிமிர்ந்தாள். "எதுக்குடி?" என்று கேட்டவள், லுஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "உள்ளதைத்தான் செய்யிறே. தைரியமா வை."

லுஸ் குஞ்சைக் கொண்டுவந்து பெட்டியின் கண்ணாடி மேல், மகனின் முகத்துக்கு நேராக விட்டாள். நான்கு அரிசியைத் தூவினாள். டக், டக் என்று அது கொத்த ஆரம்பித்தது.

வாசலில் சீட்டாட்டம் நின்றது. அந்த ஊரில் நோயில் செத்தவனுக்கோ தவறி விழுந்து செத்தவனுக்கோ குஞ்சு விட மாட்டார்கள். கொல்லப்பட்டவனுக்கு மட்டும்தான். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசைக் கொத்தும் என்பார்கள். லுஸுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. கொத்துவதற்கு மனசு என்று ஒன்று இருக்க வேண்டுமே! ஆனால் இது என்ன சாவு என்று ஊருக்குத் தெரிய வேண்டும். கறுப்புப் பட்டைப் பையன்களில் ஒருவன் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து சுவரை ஒட்டி நின்றுகொண்டான்.

அந்த நேரம் பார்த்து வக்கீல் பெலிசார்டோ தோல்பையோடு உள்ளே வந்தார். பெட்டியருகே வந்து சிலுவை போட்டவர், குஞ்சைப் பார்த்ததும் நின்றார்.

"லுஸ், என்ன இது? கொலையானவங்களுக்கு விடுறதாச்சே."

"ஆமாண்ணே. அதுக்குத்தான் விட்டேன்."

"துக்கத்துல என்ன செய்யறோம்னே தெரியாம செய்யிறே. ஊரு தப்பா நினைக்கும். எடுத்துடு." அவர் குரல் நயமாகத்தான் இருந்தது. கை குஞ்சை நோக்கிப் போனது.

"தொடாதீங்க."

அந்தக் கை பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெலிசார்டோ பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். வழக்கு வேண்டாம்னு இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீ இப்ப இருக்கிற நிலைமையில… முதல்ல ஆர்சிங் போடட்டும். அவன் விவரமானவன்."

அர்செனியோ அடுப்படி வாசலில் நின்றிருந்தான். லுஸ் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பெட்டியருகே நிறுத்தினாள். அரிசிக் கிண்ணத்தை எடுத்து அவன் வலது உள்ளங்கையில் ஒரு பிடி போட்டாள்.

"உன் பிள்ளைக்கு வெச்ச குஞ்சு. நீ ஊட்டு."

அவன் கையைக் கண்ணாடி மேல் நீட்டினான். குஞ்சு தத்தித் தத்தி வந்து உள்ளங்கையில் கொத்தியது.

பெலிசார்டோ சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது.

"வா, ப்ராட்."

லுஸ் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் எதை வேண்டுமானாலும் சொல்லும். அவன் விரலைப் பார்த்தாள். சுண்டுவிரல் பாதி உள்ளே வளைந்து நின்றது. மடங்கினால் அரிசி கொட்டிவிடும். குஞ்சு இன்னும் கொத்திக்கொண்டுதான் இருந்தது.

"கை காலியில்லண்ணே," என்றான் அர்செனியோ.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தச் சங்கத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை போலும்.

"ப்ராட், யோசிச்சுப் பேசு."

"நான் உனக்கு ப்ராட் இல்ல, இவனுக்கு அப்பன். அன்னைக்குக் காலையில நீ எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னேன்னு இங்கயே சொல்லட்டுமா, கோர்ட்டுல சொல்லட்டுமா?"

பெலிசார்டோ காகிதத்தை மடித்தார். அது சரியாக மடியவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டிலிருந்து போகிறவரை யாரும் வழியனுப்பக் கூடாது என்பது அங்கே முறை. பெலிசார்டோ வாசலை நோக்கி நடந்தார்; அவரை யாரும் வழியனுப்பவில்லை.

அர்செனியோவின் கையில் அரிசி தீர்ந்திருந்தது. வெறுங்கையை மெல்லப் பின்னுக்கு இழுக்கப் போனான். லுஸ் விடவில்லை. ஒரு வீராப்புப் பேச்சுக்கு நம்பிவிடுவதற்கு அவள் என்ன கைக்குழந்தையா? இனிமேல்தான் அந்தச் சங்கத்தார் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டுவார்கள்.

அவள் இன்னொரு பிடி அரிசியை எடுத்து அதே கையில் போட்டாள்.