பன்னிரண்டு கையெழுத்து

எங்கள் வீட்டு ஜெனரேட்டர் இந்த ஆண்டு பன்னிரண்டு முறை ஓடியது என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது. இப்போது செப்டம்பர்தான் நடக்கிறது.

ஆதாரம் ஓர் அட்டை. அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். அட்டை தொங்காத இயந்திரத்தை அவர் இயந்திரமாகவே மதிப்பதில்லை. மாதத்துக்கு ஒரு வரி: எண்ணெய், பெட்ரோல், பத்து நிமிட ஓட்டம், கையெழுத்து. நுரையீரல் கெட்டு அவர் கட்டிலோடு சேர்ந்த பிறகு, பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் பெட்டி மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐந்து பத்து நிமிடம் கரன்ட் போனால் ஒரு சின்ன சிலிண்டர் சமாளிக்கும்; நீளமாகப் போனால் பெட்டியை ஓட்டத்தான் ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் பராமரிப்பு அதிகாரி நான்.

ஜனவரியில் ஒரே மூச்சில் பன்னிரண்டு வரிகளையும் நிரப்பினேன். இயல்பாக இருக்கட்டும் என்று மூன்று பேனா மாற்றினேன். ஆகஸ்ட் கையெழுத்தை மட்டும் கொஞ்சம் அவசரமாகப் போட்டேன். அந்த மாதம் எனக்குத் தேர்வு.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மாதத்தின் முதல் ஞாயிறு அப்பா கேட்பார்.

"போட்டாச்சுப்பா" என்பேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கமில்லை.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

இந்த வாரம், ஒரு நாள் காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. "ஜெனரேட்டர்தான் இருக்கே" என்றார் அப்பா. முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஓடவில்லை என்றால் தெரிந்துபோய்விடுமே என்று பார்க்கவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு மின்விசிறி நின்றது. ஆக்ஸிஜன் பெட்டி நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. அக்கா சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாற்றினாள்.

"ஒண்ணேகால் மணி நேரம் வரும். மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவேன். ஓடு."

போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவைப் பதினெட்டு நாள் வைத்துக்கொண்டார்கள். பாதியாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

புகை அவர் ஜன்னலுக்கு வராதபடி ஜெனரேட்டரைப் பின்பக்க மதில்வரை உருட்டிக்கொண்டு போனேன். கயிற்றை இழுத்தேன். கனைத்தது. பதினைந்து முறை இழுத்தேன். பதினைந்து முறையும் மரியாதையாகக் கனைத்தது.

தும்மல் அண்ணனுக்குப் போன் போட்டேன். மெக்கானிக். பெட்ரோல் வாசம் மூக்குக்கு ஆகாது, தொழிலோ அதுதான். வெளியூரில் இருந்தார்.

"கடைசியா எப்ப ஓட்டினே தம்பி?"

அட்டை கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்து வாசித்தேன். "போன மாசம் முதல் ஞாயித்துக்கிழமைண்ணே. பத்து நிமிஷம்."

"அப்ப பெட்ரோல்ல கோளாறு இருக்காது. பிளக்கைக் கழட்டித் தொடை."

துடைத்து மாட்டிப் பதினாறு முறை இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அக்கா பின்வாசலுக்கு வந்தாள்.

"முள்ளு பாதிக்குக் கீழ வந்திடுச்சுடா."

"அண்ணே, பிளக் பளபளன்னு இருக்கு. ஓட மாட்டேங்குது."

"எண்ணெய்?"

"இருக்கு" என்றேன், அட்டையைப் பார்த்து. பிறகு பயம் வந்து அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். நிஜமாகவே இருந்தது. அட்டையில் ஓர் உண்மை.

"போன மாசம் ஓடின மிஷின் இந்த மாசம் ஏன் படுக்குது?" என்று தும்மினார். "எனக்கே புரியலையேப்பா."

உள்ளே அப்பா இருமுவது கேட்டது.

"அண்ணே, அந்த ஓட்டினது..."

"சொல்லு."

"ஓட்டல."

"போன மாசமா?"

"எந்த மாசமும். வாங்கின அன்னிக்குக் கடைக்காரர் ஓட்டிக் காட்டினதோட சரி."

திரும்பினால் அக்கா அங்கேயே நிற்கிறாள்.

"திட்டறதுக்கு இப்ப நேரமில்ல" என்றாள். "சாயங்காலம் திட்டறேன். என்ன செய்யணும்னு கேளு."

"அடப்பாவி, இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இருபது நிமிஷம் மிச்சமாயிருக்கும்" என்றார் அண்ணன். "பெட்ரோல் பிசினாயிருக்கும். டேங்க் குழாயை மூடு. கார்புரேட்டர் அடியில சின்னக் கிண்ணம் இருக்கும், கழட்டு. மேல நடுவுல ஊசித்துளை அடைச்சிருக்கும். ஒயர்ல ஒரு இழையை உருவிக் குத்து. பழைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது."

கிண்ணத்தில் ஆறிப்போன டீ நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. என் ஒன்பது மாத உழைப்பு. குத்தியதில் இழை இரண்டு தடவை வளைந்தது. அக்கா பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, தன் ஸ்கூட்டரிலிருந்து பிடித்து ஊற்றினாள். நடுவில் இரண்டு முறை உள்ளே ஓடி முள்ளைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது முறை வந்தபோது கையில் போனை எடுத்து வைத்திருந்தாள்.

இழுத்தேன். ஒன்பது முறை. பத்தாவது இழுப்பில் ஒரு வெடி, கறுப்பாக ஒரு புகை. அப்புறம் நிற்காமல் தடதடவென்று ஓடியது.

ஒயரை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். முள் சிவப்புக்கு ஒரு முடி மேலே. பெட்டி கூவி எழுந்தது. அக்கா குழாயை மாற்றினாள். அப்பா பத்துப் பன்னிரண்டு மூச்சு எடுத்துக்கொண்டார், நாங்களும்தான்.

"அட்டையை எடுத்துட்டு வா" என்றார்.

ஆம்புலன்ஸே வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை இறக்கினார். "நாப்பத்தியோரு தடவை இழுத்தே. படுத்திருக்கறவனுக்கு எண்ணறதை விட்டா வேற வேலை என்ன?" விரல் கடைசி வரியில் நின்றது.

"டிசம்பர்லகூட நல்லா ஓடியிருக்கே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

அப்பா அட்டையைத் திருப்பினார். ஸ்கேல் கேட்டார். பின்பக்கத்தில் கட்டம் போட்டார். இந்த முறை கையெழுத்துக்குக் கட்டம் இல்லை. 'எத்தனை இழுப்பு' என்று ஒன்றே ஒன்று. அதில் 41 என்று எழுதினார்.

"இனிமே இதை நான் எழுதறேன்" என்றார். "சத்தம் இங்க நல்லாவே கேக்குது. ஒரு பேனா போதும்."