வழவழப்பான இடம்

மிஷிகனில் நடந்த கார் கண்காட்சியில் ஓரின் தன் 1967ஆம் வருடத்துக் கார்வெட் காரை நிறுத்திவிட்டு, மகளின் மேடைக் கச்சேரிக்கு வந்த அப்பன்போல் பெருமையும் பதற்றமுமாக நின்றான். சிவப்புக் கார். பானெட்டைத் திறந்தால் உள்ளே இடம் அடைத்துக்கொண்டு பெரிய இன்ஜின்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. காரோடு சேர்ந்து பிறந்த இன்ஜின்தானா என்று பார்ப்பார்கள். இரண்டின் எண்ணும் ஒத்துப்போனால் அசல். இல்லையென்றால் எவ்வளவு பளபளத்தாலும் ஒட்டுப்போட்ட வண்டிதான். தன்னுடையது அசல் என்று ஓரின் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான். அந்த இன்ஜினை இறக்கிப் புதுப்பித்துக் கொடுத்தவன் டெல்மர், பட்டாளத்துச் சிநேகிதன். அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

நடுவராக வந்த ஃபிலிஸ் டார்ச் அடித்துக் குனிந்து, எண் பொறித்த இடத்தை நகத்தால் வருடினாள்.

“எண் சரிதான் சார். ஆனா இந்த இடம் வழவழன்னு இருக்கே? ஃபேக்டரி மெஷின் சீவுன கோடு மெல்லிசா தெரியணும். யாரோ தேய்ச்சு அழிச்சுட்டுப் புதுசா எண் அடிச்சிருக்காங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவள் அடுத்த காருக்குப் போய்விட்டாள். ஓரினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“அந்தம்மா உளறுதுன்னு சொல்லுடா.”

டெல்மர் தரையைப் பார்த்தான். “உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“அப்ப என் இன்ஜின் எங்கடா?”

“என் படகுல.”

ஓரின் கோடை தவறாமல் அந்தப் படகில் பீரும் கையுமாக உட்கார்ந்து ஏரியைச் சுற்றியிருக்கிறான். என்ன அருமையான சத்தம்டா இது என்று டெல்மரின் முதுகில் தட்டியிருக்கிறான்.

“எனக்குப் போய் ஏன்டா இப்படிப் பண்ணே?”

“நீ எங்க ஓட்டுறே? சர்ச்சுக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும். அந்த இன்ஜின் உன்கிட்ட இருந்தா அதுக்குத்தான் அவமானம். உனக்கு நான் மாத்தி வெச்ச லாரி இன்ஜினே தாராளம். இத்தனை வருஷத்துல வித்தியாசம் தெரிஞ்சுதா உனக்கு?”

தெரியவில்லை. வறுமைக்குத் திருடி விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பான். பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துப் பேசியவன் தன்னை இவ்வளவு மட்டமாக எடைபோட்டு வைத்திருந்தானே என்று நெஞ்சு கொதித்தது.

“உன்னைக் கூடப்பிறந்தவனா நினைச்சேன்டா.”

“இப்பவும் அப்படித்தான். என்ன, வண்டி நல்லாத்தானே ஓடுது?”

ஒலிபெருக்கியில் எல்லோரையும் வண்டியைக் கிளப்பச் சொன்னார்கள். ஓரின் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். லாரி இன்ஜின் உறுமியதில் தரையே அதிர்ந்தது. சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் கைதட்டியவன் டெல்மர்தான்.