ஒரே புல்

சாராளுக்கு முத்து என்றால் உயிர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வெள்ளாட்டுக் குட்டியின் கண் இமையைத்தான் விலக்கிப் பார்ப்பாள். உள்ளே சிவந்திருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால், வயிற்றில் புழு இரத்தம் குடிக்கிறது. இதன் தாய் கோடை மழைக்குப் பிறகு அப்படி வெளுத்துத்தான் செத்தது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி இது.

கால்நடை டாக்டர் ஸ்நேகா புழுவுக்கு மருந்து ஊற்றிவிட்டு, பழுப்புத் தூள் ஒன்றும் கொடுத்தாள். ஏதோ பூஞ்சையின் வித்தாம். தினமும் தவிட்டில் கலந்து வைக்க வேண்டும். வயிற்றுப் புழுவை அது ஒன்றும் செய்யாது. புழுக்கையோடு வெளியே வந்து முளைத்து, அங்கே பொரிக்கிற குட்டிப் புழுக்களை வலைபோட்டுப் பிடித்துத் தின்றுவிடும். அப்புறம் புல்லில் ஏறப் புழு இருக்காது.

"இது மேயற எடத்துல மேயற எல்லா ஆட்டுக்கும் குடுக்கணும்க்கா" என்றாள் டாக்டர்.

சாராள் தலையாட்டினாள். எல்லா ஆடும் என்றால் அவளுக்குத் தன் ஆடுகள்தான். கம்பெனி மதிலோரப் புறம்போக்கில் கூடவே மேயும் பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் ஆடுகள் அதில் சேர்த்தியில்லை. "இன்னா கொழுகொழுன்னு கீது!" என்று முத்துவைப் பார்த்து ஈஸ்வரி சொன்ன மறுவாரமே அது மெலிய ஆரம்பித்தது. அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற சாராளுக்குக் கண்திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஈஸ்வரியின் கண் மட்டும் வேறு.

மழை பிடித்தது. தவறாமல் தூள் கொடுத்தும் ஒருநாள் சாயங்காலம் முத்துவின் இமை வெளுத்திருந்தது. போனில் அழுதவளிடம் டாக்டர் கேட்டாள்: "அதே புல்லுல வேற யார் ஆடு மேயுது?"

சாராளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீம்புதான் குட்டியைத் தின்கிறது!

தூள் கலந்த தவிட்டு வாளியோடு ஈஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இது பூஞ்ச மருந்து. உன் ஆட்டுக்கும் வெக்கணுமாம்."

"பூஞ்ச புடிச்ச தவுடா? என் ஆட்ட சாவடிக்கவா வந்துகீற?"

சாராள் வாளிக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். புரையேறிக் கண்ணில் நீர் தளும்பியது. ஈஸ்வரி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பைத்தியமா உனக்கு? குடி மொதல்ல" என்று முதுகைத் தட்டியவளின் குரல் இறங்கியது. "எங்க ஊட்டு செவல ஆட்டுக்கும் கண்ணு வெளுத்துப்போய்க் கீது சாராளு. நீ மூஞ்ச திருப்பிக்கினு போனா நான் யாராண்ட கேக்கறது?"

டாக்டர் வந்து இரண்டு வீட்டு ஆடுகளுக்கும் மருந்து ஊற்றினாள். அன்றுமுதல் சாராள் ஷிப்டுக்குப் போனால், முத்துவுக்கும் ஈஸ்வரிதான் தவிடு வைத்தாள்.

மழை ஓய்ந்த ஒருநாள், ஈஸ்வரி முத்துவின் இமையை விலக்கினாள். உள்ளே நல்ல சிவப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சாராளைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லு" என்றாள் சாராள்.

"கொழுகொழுன்னு கீது."