சாப்பாட்டுக்கு முந்தைய ஊசி

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்ததிலிருந்து சௌமியா இன்சுலின் மட்டும் போட்டதே இல்லை. அளவு கூடி யாராவது மயங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த வேலையை உடன் இருக்கும் மதுமதியிடமே தள்ளிவிடுவாள்.

அன்று மத்தியானம் மதுமதியால் எழவே முடியவில்லை. மாற்று ஆள் வராததால் அடுத்த ஷிப்டையும் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு வீங்கிக் கெடக்குது. நீயே போட்டுரு. மருந்தை ஏத்தி எங்கிட்டக் காட்டு, பாக்கறேன்."

சௌமியா ஏற்றிக்கொண்டு வந்தாள். மதுமதி மருந்துச் சீட்டையும் சிரிஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்குது."

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்குது. அதனாலதான் நானும் இன்னொருத்தர்கிட்டக் காட்டிட்டுப் போடறேன்."

மோகனூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த சர்க்கரை நோயாளி செல்லியம்மாள் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"சாப்பாடு வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள் சௌமியா.

"மருமவ கொண்டாரேன்னா. பஸ்ஸு கெடைக்கலையாட்ட இருக்குது சாமி."

சாப்பிடாதவருக்குப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சௌமியா ஊசியை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மருமகள் தூக்குப்போசியில் சாப்பாட்டோடு வந்த பிறகுதான் போட்டாள். ஊசி சரியாக இறங்கியது.

சாப்பிட்டு முடித்த செல்லியம்மாள் கண்ணயர்ந்தார். சௌமியா தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"மயக்கமா இருக்குதுங்களா?"

"தூக்கந்தான் வருது. உடு சாமி."

சௌமியாவுக்கும் கால் வலித்தது. அடுத்த கட்டிலுக்கான மருந்தை ஏற்றி, மதுமதியிடம் காட்டப் போனாள்.