வீட்டுக்காரனின் எரிச்சல்

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கும் நேரம் வந்ததும், வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன். வாசிப்பு மேசைக்கு இரண்டடி இருக்கும்போது போதகர் ஞானமுத்து என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். அதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. பின்னால் வெறுங்காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஐயாவு வந்து நின்றுகொண்டிருந்தான். வேட்டி வெளுத்திருந்தது. விரல் இடுக்குகளில் ரப்பர்ப் பால் கறுத்து ஒட்டியிருந்தது. நான் வழிவிட வேண்டியதாயிற்று. திரும்பி என் பெஞ்சுக்கு நடந்த தூரம் பன்னிரண்டு அடிகூட இராது. சபை முழுவதும் அந்தப் பன்னிரண்டு அடியையும் பார்த்தது.

நான் சாமுவேல் துரைசிங்கம். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஈப்போ ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ஒரு மளிகைக் கடை மாடியில் பதினோரு பேரைக் கூட்டி இந்த ஊரில் எங்கள் தமிழ்ச் சபையைத் தொடங்கினார். நாங்கள் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அவர் இருந்தவரை பாடம் வாசித்தவர் அவர்; அவருக்குப் பின் பத்தொன்பது ஆண்டுகளாக நான். திருவிருந்து நாளில் பீடத்துக்கு முன்னுள்ள கிராதியண்டை முதலில் முழங்காலிடுவதும் எங்கள் குடும்பமே. நாங்கள் எழும்பாமல் வேறு எவரும் எழும்புவதில்லை. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஐயாவு கோப்பெங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலை செய்பவன். மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதித்துக்கொண்டிருந்தான். ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் எழுத்துக் கற்றான். இப்போது தோட்டத்து லாரியில் தன்னோடு இருபது பேரை ஏற்றிக்கொண்டு ஆராதனைக்கு வருகிறான். அன்று அவன் வாசித்தது பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒலிவமரத்தைப் பற்றிய பகுதி. சுபாவக் கிளைகள் சில முறிக்கப்பட்டதையும், காட்டு ஒலிவக் கிளை அந்த இடத்தில் ஒட்டப்பட்டதையும் சொல்வது. அவன் இரண்டு இடத்தில் திக்கினான். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடினான். ஆனாலும் சபையார் கையில் விசிறிகள் அசையாமல் நின்றிருந்தன. என் பக்கத்தில் என் மனைவி புனிதவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் பத்தொன்பது ஆண்டுகள் வாசித்ததில் அவள் ஒருநாளும் கண்ணைத் துடைத்ததில்லை.

ஆராதனை முடிவில் போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். நம் சபைக்கு ஒரு பிரசங்கியை நியமிக்க அனுமதி வந்திருக்கிறது. துரைசிங்கம், ஐயாவு என்னும் இருவர் பெயர் மூப்பர்கள் முன் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலை இருவரும் ஒரே பொருளில் கால்மணி நேரம் பேசட்டும்; இஸ்ரவேலைத் தேவன் தள்ளிவிட்டாரா, சபை அதன் இடத்துக்கு வந்துவிட்டதா என்பதே பொருள். அப்போது ஊரெங்கும் அதே பேச்சு. பாலஸ்தீனா பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் யூதர்கள் அங்கே திரும்பிப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இது தீர்க்கதரிசனம் என்று பாதிச் சபையும், வெறும் அரசாங்கக் காரியம் என்று பாதிச் சபையும் ஆலய வாசலில் நின்று வாதாடின.

வீட்டில் சோறு போடும்போது புனிதவதி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் விட்டுக் குடுங்கோவன். உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசாகுது."

"விட்டுக் குடுக்கிறதோ? ஆருக்கு?"

"பொறாமைப்படுறியள்."

"இது பொறாமையில்லை. எங்கட ஐயா தொடங்கின சபை."

"சபையை ஆண்டவர் தொடங்கினார் எண்டுதானே மாமாவும் சொன்னவர்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். எனக்கு அன்று ரசம் இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் பஸ்ஸில் கோப்பெங் போனேன். சபையார் நலம் விசாரிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அது முழுப் பொய்யல்ல. ஆனால் ஒரு மனிதனுடைய குறையைத் தேடிப் பன்னிரண்டு மைல் போவது எப்படிப்பட்ட காரியம் என்பது வழியெல்லாம் எனக்குத் தெரிந்தேயிருந்தது. அவன் கள்ளுக்கடைப் பக்கம் நிற்பதைக் கண்டால் போதும் என்று எண்ணினேன். தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பழைய சாமி படம் ஒன்று மாட்டியிருந்தாலும் போதும்.

அவன் நாற்றுப் பாத்தியில் குனிந்திருந்தான். இரண்டு விரல் பருமனுள்ள கன்றுகள் வரிசையாய் நின்றன. ஒன்றின் பட்டையைச் சிறு கத்தியால் கதவுபோல் கீறித் திறந்தான். வேறொரு நல்ல மரத்தின் கொம்பிலிருந்து எடுத்த மொட்டை, அது ஒட்டியிருந்த பட்டைத் துண்டோடு உள்ளே செருகினான். மெழுகுத் துணியால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டினான். நான் எண்ணியதைவிட வேகம். நான் வந்திருப்பதைக் கண்டும், அந்தக் கட்டை முடித்துவிட்டே எழுந்தான். திறந்த பட்டையைக் காற்றில் விடக்கூடாதாம்.

"ஐயா, மன்னிக்கணும். நீங்க இந்த வெயில்ல வரணுமா? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

அவன் மனைவி செல்லாயி அடுத்த வரிசையில் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு.

"கிராணி ஐயா இங்கெல்லாம் வர மாட்டாங்கன்னு நம்ம லயத்து முத்தம்மா பந்தயம் கட்டுனா. தோத்துட்டா" என்று சிரித்தாள். "கோப்பி போடறேன், குடிப்பீங்களா? இல்ல, எங்க வீட்டுக் கோப்பி ஆகாதா?"

"ஏ, சும்மா இரு புள்ள" என்றான் ஐயாவு.

பால் டின்னில் வந்த கறுப்புக் கோப்பியை வாங்கிக் குடித்தேன். குடித்ததைப் பெருந்தன்மையாக எண்ணிக்கொண்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லயத்துச் சுவரில் சாமி படம் இல்லை. பிரம்புக்கூடையின் மேல் அவனுடைய வேதப்புத்தகம் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அவனாகவே கேட்டான். "ஐயா, ஒரு சந்தேகம். பவுலு சொல்ற ஒட்டு எனக்குக் கணக்கு ஒத்து வரல. நாங்க நல்ல சாதி மொட்டத்தான் காட்டுக் கன்னுல வைக்கிறோம். அப்பத்தான் பால் கூடும். அவரு காட்டுக் கிளையக் கொண்டாந்து நல்ல மரத்துல வைக்கிறாரு. எந்தத் தோட்டத்துத் துரையும் அப்படிச் செய்ய விட மாட்டான். அவருக்கு ஒட்டு வேல தெரியாதோன்னுகூட நெனச்சேன். நீங்க படிச்சவங்க. என்னன்னு சொல்லுங்களேன்."

"யோசித்துப் பாரும். வேதத்தில் கேள்வி கேட்கிறது நல்ல பழக்கமில்லை" என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. தேடிப் போனது கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை மாலை ஆலயம் நிரம்பியிருந்தது. நான் முதலில் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றே இன்றும் சொல்வேன். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு கிறிஸ்துவில் நிறைவேறிச் சபைக்கு வந்துவிட்டது. இனி இஸ்ரவேல் என்பது நாமே. திராட்சத்தோட்டத்தின் கனியைக் கொடாத குடியானவர்களிடமிருந்து தோட்டம் எடுக்கப்பட்டது. முறித்த கிளை காய்ந்தது; காய்ந்த கிளையைத் தேடியெடுத்து மரத்தில் வைப்பவர் இல்லை. பாலஸ்தீனாவில் யார் குடியேறினாலும் அது சர்க்கார் காரியம். முன்வரிசையில் மூப்பர்கள் தலையை ஆட்டினார்கள். அங்கே நான் நிறுத்தியிருக்கலாம்.

"இந்தச் சபையில்," என்றேன், "பவுல் அப்போஸ்தலருக்கு ஒட்டுக்கட்டத் தெரியாது என்று சொல்லுகிறவரும் இருக்கிறார். வேதத்துக்குத் திருத்தம் சொல்லுகிறவர் பிரசங்கபீடத்தில் நிற்கலாமா என்பதை மூப்பர்கள் யோசிக்க வேண்டும்."

நான் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. பின் பெஞ்சுகளில் செல்லாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கோப்பியின் கசப்பு என் நாக்கில் திரும்ப வந்ததுபோல் இருந்தது.

கேள்வி கேட்கலாம் என்று போதகர் சொன்னதும் மூப்பர்களில் ஒருவரான என் மைத்துனர் கதிரவேலு எழுந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரசர். எதிலும் ஒரு பகிடி விடாமல் அவரால் இருக்க முடியாது.

"அத்தார், ஒண்டு கேக்கவேணும். இந்தச் சபையில பழைய கிளையள் ஆர்? நாங்கள்தானே. புதுசா ஒட்டினது தோட்டத்துச் சனம். பழசு முறிஞ்சா முறிஞ்சதுதான் எண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப நானும் நீங்களும் எந்த அடுப்புக்கு?"

சபை சிரித்தது. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. புனிதவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலை குனிந்திருந்ததை அதைவிடப் பெரிய அவமானமாக எண்ணினேன். கால்மணி நேரமாக நான் என் கையாலேயே என் குடும்பத்தின் பெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐயாவு எழுந்து வந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டிரசர் ஐயா, அப்படிப் பேசாதீங்க. கிராணி ஐயா சொன்னது நெசந்தான். பவுலுக்கு வேல தெரியலயோன்னு நான்தான் கேட்டேன். அப்புறம் நாத்துப் பாத்தியில ஒக்காந்து யோசிச்சேன். சுபாவத்துக்கு விரோதமா ஒட்டினாருன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. அவருக்கும் தெரியும். புத்தியுள்ள தோட்டக்காரன் எவனும் செய்ய மாட்டான்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு. எங்களச் சேத்தது லாபத்துக்கு இல்ல. எங்களால பால் கூடாது. அப்புறம் நாங்க எதுக்குப் பெருமை பேசறது?"

விரலால் மேசைமேல் ஒரு கன்றின் பட்டையைக் கீறுவதுபோல் கோடிழுத்தான்.

"ஒரு கன்னுல மொட்டுப் புடிக்கலன்னா நாங்க கன்னப் புடுங்க மாட்டோம். மறு பக்கம் பட்டையத் தொறந்து திரும்ப வைப்போம். அந்தத் தோட்டக்காரரு முறிஞ்ச கிளையக்கூட திரும்ப வைப்பாருன்னு எழுதியிருக்கு. யூதரு எப்பத் திரும்புவாங்க, எப்படித் திரும்புவாங்கன்னு எனக்குத் தெரியாது. பாலஸ்தீனாவ நான் பாத்ததில்ல. தள்ளிட்டாருன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். அவங்க வேருலதான் நான் நிக்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இன்னொண்ணும் இருக்குங்க. வெளியாளுங்களச் சேத்தது அவங்களுக்கு எரிச்சல் வரட்டும்னுதான்னு பவுலு சொல்றாரு. எரிச்சல் யாருக்கு வரும்? ரோட்டுல போறவனுக்கு வராது. வீட்டுக்காரனுக்குத்தான் வரும். எங்க அப்பா தட்டுல வேற எவனோ சாப்புடறானேன்னு புள்ளைக்குத்தான் வயிறு எரியும். அப்போ எரிச்சல் இருக்கிற வரைக்கும் அவன் அந்த வீட்டுப் புள்ளதான். அவ்வளவுதாங்க எனக்குத் தெரிஞ்சது."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் கேலி இல்லை. நான்கு தலைமுறையாக என் குடும்பத்துக்குத் தேவனுடைய வீட்டில் இருந்த இடத்தை, நானே வெட்டிப் போட்ட இடத்தை, அவன் எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. அன்று போல் நான் ஒரு மனிதனை வெறுத்ததில்லை. அவன் சொன்னது சரி என்று தெரிந்ததால் வெறுப்பு இன்னும் கூடியது.

மூப்பர்கள் ஏழு பேர். ஐவர் ஐயாவுக்குக் கை தூக்கினார்கள். கதிரவேலுவும் தூக்கினார், தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. போதகர் என்னிடம் வந்து தோளில் கை வைத்து, "உங்கட தகப்பனார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் திருவிருந்து. போகக்கூடாது என்று எண்ணியிருந்தேன். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எண்ணிக் கோட்டை மாட்டிக்கொண்டேன். முன்பெஞ்சில் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். போதகர் அப்பத்தைப் பிட்டு, பந்திக்கு அழைத்தார்.

நான் எழும்பவில்லை.

பின்னால் ஆயத்தப்பட்ட பாதங்கள் நின்றன. யாரோ இருமினார்கள். வழக்கத்தை உடைக்க ஒருவரும் துணியவில்லை. புதிய பிரசங்கியாகிய ஐயாவும் கடைசிப் பெஞ்சிலேயே இருந்தான். சீனக் கடைத்தெருவில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துப் போகும் சத்தம் ஆலயத்துக்குள் தெளிவாகக் கேட்டது. இத்தனை பேரை இன்னும் நிறுத்தி வைக்க என்னால் முடிகிறது என்பதில் எனக்கு ஒரு கணம் திருப்திகூட இருந்தது.

புனிதவதி எழுந்தாள். என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனாள். என்னை விட்டு அவள் தனியே கிராதிக்குப் போனது அதுதான் முதல் முறை. அவளுக்குப் பின் பெஞ்சுகள் அசைந்தன. கதிரவேலு போனார். தோட்டத்துச் சனங்கள் போனார்கள். முத்தம்மா போனாள், செல்லாயி போனாள், ஐயாவு போனான். கிராதி நெடுக முதுகுகள் வரிசையாய்க் குனிந்தன. இடம் போதாமல் வலது ஓரத்தில் நெருக்கிக்கொண்டு முழங்காலிட்டார்கள். ஐயாவு தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒடுக்கிக்கொண்டிருந்தான்.

இடது ஓரத்தில், புனிதவதிக்கு அப்பால், ஓர் ஆள் முழங்காலிடும் அளவுக்குக் கிராதி வெறுமையாக இருந்தது. நான் எப்போதும் முழங்காலிடும் அந்த இடத்தை விட்டுத் தள்ளியே அவள் முழங்காலிட்டிருந்தாள். பின்னால் வந்தவர்களும் அதை நிரப்பவில்லை. போதகர் அப்பத் தட்டோடு வந்து அந்த வெறுமையின் முன்னால் நின்றார். அடுத்தவருக்கு நகரவில்லை. ஒரு துண்டு அப்பத்தை எடுத்துக் கையில் பிடித்தபடி என் பெஞ்சைப் பார்த்தார்.